கீழ்வீட்டார் தூங்கும்போது ஆடுவது எப்படி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலையில் யாரும் வேகமாக நடக்கக்கூடாது. விழுந்துவிடுவோம் என்ற அக்கறையில் வந்த விதியன்று இது, தூசுக்குப் பயந்து வந்தது. சுத்த அறைக்குள் ஆள் விறுவிறுவென்று போனால் காற்று கலங்கும், துகள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் ஒன்று சில்லின்மேல் போய் உட்கார்ந்தால் போதும், சில்லு குப்பைக்குப் போய்விடும். ஆகவே தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை, முழங்கால் வரை ஏறும் காலணி எல்லாம் மாட்டிக்கொண்டு, கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்கிறவர்களைப் போல மெல்ல மெல்ல நகர்வோம். இரவு 7 முதல் காலை 7 வரை இப்படித்தான். 4 நாள் வேலை, 2 நாள் ஓய்வு. எனக்கு இதில் 14 வருடம் ஓடிவிட்டது.

பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோமே, உடம்புக்கு அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடத் தைப்பூசத்தில் அந்த நினைப்பு போனது. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. பால்குடத்தோடு ஏறினேன். இருநூறாவது படி வாக்கில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவள் விடவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. 66 வயதாகும் என் அத்தை, கணவரின் அம்மா, என்னைத் தாண்டிக்கொண்டே சொன்னார்: "மெதுவாக வாம்மா. முருகன் எங்கேயும் போய்விட மாட்டான்." எனக்கு வயது 38.

அங்கேயே நின்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஓர் உறுமி மேளக் குழு காவடியோடு ஏறி வந்தது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உறுமி ஒரு முனகல் முனகுமே, அது காதில் விழுந்ததும் என் வலது கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. மூச்சு இன்னும் திரும்பவில்லை, கால் மட்டும் போட்டது. நடக்கச் சொன்னால் மாட்டேன் என்கிற கால், மேளம் கேட்டால் ஆடுகிறது. எந்தப் பயிற்சி எடுத்தாலும் அதில் மேளம் இருக்க வேண்டும் என்று அந்தப் படியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நடைப்பயிற்சி போகலாமே என்று கணவர் சொன்னார். இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தால் நான் எழும் நேரம் மாலை 4. பினாங்கில் அந்த நேரத்துக்கு வெயில் இருக்கும், வெயில் இல்லாவிட்டால் மழை இருக்கும். எங்கள் அடுக்குமாடியின் கீழே மண்டபத்தில் புதன்கிழமை இரவு 8 மணிக்கு நடன வகுப்பு நடக்கிறது. பெரும்பாலான புதன்களில் அந்த நேரம் நான் வெள்ளை அங்கிக்குள் இருப்பேன். ஆகவே வீடுதான் வழி. எங்கள் வீட்டு வரவேற்பறையில் சோபாவைச் சுவரோடு தள்ளினால் எட்டுக்கு ஏழு அடி இடம் கிடைக்கும். அதில் ஒரு மூலையை மகனின் சைக்கிள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த இயந்திரத்தில் நிற்கும் தோழிதான் லத்தீன் இசைக்கு ஆடும் உடற்பயிற்சியான ஜும்பாவைச் சொன்னாள். அது பிறந்த கதை எனக்குப் பிடித்துப்போனது. கொலம்பியா நாட்டில் காலி என்று ஓர் ஊர். அங்கே பெட்டோ பெரெஸ் என்ற ஏரோபிக்ஸ் ஆசிரியர் ஒரு நாள் வகுப்புக்கு வேண்டிய இசை நாடாவை எடுத்துவர மறந்துவிட்டார். பையில் கிடந்தவை தனக்காகக் கேட்கிற சல்சா, மெரெங்கே நாடாக்கள். அவற்றைப் போட்டு, மனதில் வந்ததை ஆடவைத்து அன்றைய பொழுதை ஒப்பேற்றினார். ஒப்பேற்றியதே தொழிலாகிவிட்டது. பிறகு அமெரிக்காவின் மயாமிக்குப் போய், 2001இல் அல்பெர்ட்டோ பெர்ல்மன், அல்பெர்ட்டோ அகியோன் என்ற இருவரோடு சேர்ந்து நிறுவனம் ஆரம்பித்தார். பெட்டோவின் முழுப்பெயரும் அல்பெர்ட்டோதான். ஒரே பெயரில் மூன்று முதலாளிகள் இருந்த அந்த அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் பாடு என்னவோ. அவர்கள் முதலில் விற்றது வீட்டில் போட்டுப் பார்த்து ஆடும் வீடியோக்களை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து உரிமம் வழங்கத் தொடங்கியது 2005இல்தான். வகுப்புக்குப் போக முடியாததால் வீட்டில் ஆடுகிறோமே என்று குறைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பது எனக்கு ஒரு தெம்பு.

எதைப் போட்டு ஆடுவது என்பதுதான் திண்டாட்டம். தொழிற்சாலை பஸ்ஸில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம். இரண்டு வாரம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வந்தேன். இலவசம், கட்டணம், 10 நிமிடம், 60 நிமிடம், 21 நாள் சவால், வயிறு மட்டும், தொடை மட்டும். சிரிக்கும் ஆசிரியை, கத்தும் ஆசிரியர். பின்னால் கடல் தெரியும் மாடியில் ஒரு கூட்டம் ஆடும்.

முதலில் பணம் கட்டும் செயலி ஒன்றில் விழுந்தேன். 7 நாள் இலவசம், எட்டாம் நாளிலிருந்து கட்டணம். அந்த எட்டாம் நாள் எனக்குத் தொடர் இரவு ஷிஃப்டின் மூன்றாம் நாள். இன்று என்ன கிழமை என்று கேட்டாலே யோசித்துச் சொல்லும் நிலை. வங்கியிலிருந்து 79 வெள்ளி (ரிங்கிட்) போன குறுஞ்செய்தி வந்த பிறகுதான் விழித்தேன். ஒரே ஒரு பாடம்தான் ஆடியிருந்தேன், அதையும் பாதியில் விட்டிருந்தேன். இலவச நாள் கொடுக்கும் எதில் சேர்ந்தாலும், சேர்ந்த அன்றே கைப்பேசியில் இலவசம் முடிவதற்கு முந்தின நாளுக்கு அலாரம் வைத்துவிடுங்கள். நான் இப்போது அரிசி ஊறவைப்பதற்குக்கூட அலாரம் வைக்கிறேன்.

அந்தச் செயலியை நான் எடுத்ததற்குக் காரணம் அதன் முகப்பில் இருந்த எண்: ஒரு மணி நேரத்தில் 1000 கலோரி. பணம் போன ஆத்திரத்தில் இந்தக் கணக்கைத் தேடிப் படித்தேன். 2012இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 19 பெண்களை ஜும்பா ஆடவைத்து அளந்திருக்கிறார்கள். நிமிடத்துக்குச் சராசரி 9.5 கலோரி. 1000 கலோரிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆட வேண்டும். அதிலும் அந்தப் பெண்கள் 18 முதல் 22 வயது வரை உள்ளவர்கள், ஏற்கெனவே ஜும்பா ஆடிப் பழகியவர்கள். நான் தடுமாறித் தடுமாறி ஆடும் 20 நிமிடத்தில் கரைவது ஒரு ரொட்டி சானாய்க்குக் காணாது. அதன் பிறகு முகப்பில் கலோரி எழுதியிருந்த எதையும் திறக்கவில்லை.

அடுத்து ஓர் இலவசத் தொடர். நல்ல வேகம், நல்ல பாட்டு. மூன்று நாள் ஆடினேன். மூன்றாம் நாள் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மாவை இப்படித்தான் அழைப்போம்) ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு நிற்கிறார். தட்டை நீட்டிவிட்டு, வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மலாயில் மெதுவாகக் கேட்டார்: "அலமாரி இடம் மாற்றுகிறாயா, மகளே?"

"ஆமாம் மக்சிக்."

"நேற்றும் மாற்றினாயே."

அவருடைய கணவரும் இரவுக் காவல் வேலைக்குப் போகிறவர். நான் எழுந்து குதிக்கும் நேரம் அவருக்கு நல்ல தூக்க நேரம். மக்சிக் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசித்துப் பார்த்தேன். எந்த ஆசிரியை, எத்தனை நிமிடம், எவ்வளவு காசு என்று இரண்டு வாரம் பார்த்தேனே தவிர, என் தரை எது என்று பார்க்கவில்லை. நாலாவது மாடி, சிமெண்டின்மேல் ஓடு பதித்த தரை, கீழே தூங்கும் மனிதர். இதற்கு ஏற்ற ஆட்டம் எது? அந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் தேடல் உருப்பட்டது.

லத்தீன் நடனப் பயிற்சி என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு ஆட்டங்கள். ஜும்பாவில் அடிப்படையாக நான்கைச் சொல்வார்கள்: மெரெங்கே, சல்சா, கும்பியா, ரெகேடோன். பல தொடர்களில் பச்சாட்டாவும் வரும். இவற்றை நான் சத்தத்தை வைத்துப் பிரித்தேன்.

ரெகேடோன் எனக்கு ஆகாது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, மிதித்து, குதித்து ஆடும் பகுதிகள் பயிற்சி வீடியோக்களில் அதில்தான் அதிகம். மக்சிக் அலமாரி என்று நினைத்தது அதைத்தான். தரைவீட்டுக்காரர்கள் ஆடிக்கொள்ளட்டும்.

மெரெங்கே டொமினிக்கன் குடியரசின் ஆட்டம். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலடி, இடது வலது இடது வலது, அணிவகுப்பு நடையைப் போல. இதைவிட எளிதாக ஓர் ஆட்டம் இருக்க முடியாது. அதன் மேளத்துக்குத் தம்போரா என்று பெயர். இரண்டு பக்கமும் தோல், மடியில் குறுக்காக வைத்து, ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிக்கிறார்கள். வீடியோவில் பார்த்ததும் நம் தவில்காரர் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கூடவே உலோகக் குழல் ஒன்றைக் கம்பியால் சரசரவென்று சுரண்டுகிறார்கள், தேங்காய் துருவும் சத்தம். என் கால் மெரெங்கேயோடு முதல் நாளே சமாதானமாகிவிட்டதற்கு இந்த மேளம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கும்பியா கொலம்பியாவின் கரையோரத்து ஆட்டம். பழைய முறையில் பெண்கள் நீண்ட பாவாடை அணிந்து, கையில் மெழுகுவத்திக் கட்டு ஒன்றை ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். மெழுகுவத்தியைப் பிடித்தவள் எப்படிக் குதிப்பாள்? பாதம் தரையை விட்டு எழும்பாமல் சிறு சிறு எட்டாக வழுக்கிக்கொண்டே போக வேண்டும். எனக்கென்றே, கீழே தூங்குகிறவருக்கென்றே செய்த ஆட்டம் இது. சுத்த அறையில் நடக்கிற நடையும் கிட்டத்தட்ட இதுதான், இடுப்பு மட்டும் கூடுதல்.

சல்சா எட்டு எண்ணிக்கை. 1, 2, 3இல் கால் எடுத்து வைக்க வேண்டும், நாலில் நிறுத்தம். 5, 6, 7இல் மறுபடி கால், 8இல் நிறுத்தம். எட்டு என்று கேட்டதும் மிருதங்கம் கற்கும் என் மகன் "ஆதி தாளம் அம்மா" என்று தொடையில் தட்டிக் காட்டினான். எண்ணிக்கை பொருந்துகிறது, ஆனால் அந்த நாலில் சும்மா இருப்பது இருக்கிறதே, அது வருவதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் என் கால் ஓர் எட்டு எடுத்து வைத்துவிடும், அப்புறம் பாட்டு முழுக்க நான் வேறு ஊர்.

ஆக, கும்பியாவும் மெரெங்கேயும் அதிகம், குதிப்பு இல்லை, இருந்தாலும் குதிக்காமல் செய்வது எப்படி என்று கூடவே காட்ட வேண்டும். இப்படிக் கேட்டுத் தேடினால் நூற்றுக்கு ஐந்து மிஞ்சும்.

மிஞ்சிய ஐந்தில் நான் ஒன்றை எடுத்த காரணம் ஒரு முழங்கால். மற்ற நாலிலும் பாட்டு ஆரம்பித்ததும் ஆசிரியை ஆட ஆரம்பித்துவிடுவார், நாம் துரத்திப் பிடிக்க வேண்டும். இதில் முதல் பாடத்தில் பாட்டே இல்லை. ஆசிரியை ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் நின்று, முட்டி தெரியும்படி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இடுப்பை ஆட்டவே கூடாது என்று சொல்லித்தான் தொடங்கினார். எடையை இடது காலுக்கு மாற்று, அந்தக் காலை நேராக்கு, வலது முழங்காலை மடக்கு. இடுப்பு தானாக இடப்பக்கம் போகும். இப்போது மாற்றிச் செய். அவ்வளவுதான். இடுப்பு ஆட்டம் இடுப்பில் இல்லை, முட்டியில் இருக்கிறது. அதுவரை நான் இடுப்பைப் பிடித்துத் தள்ளித் தள்ளி ஆட்டிக்கொண்டிருந்தேன், முதுகின் கீழ்ப்பகுதி ஏன் வலிக்கிறது என்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு, குழம்பு கொதிக்கும் நேரம் முழுக்க இதையே செய்து பார்த்தேன். நாலாம் நாள் அத்தை வந்து, "கால் வலிக்கிறதா, இப்படி மாற்றி மாற்றி நிற்கிறாயே" என்று கேட்டார். பெயர் சொல்லி விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. எந்தத் தொடரானாலும் முதல் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். முட்டியைப் பற்றிப் பேசுகிறாரா, வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனித்தால் போதும்.

சத்தத்துக்காக முதலில் ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் நுரைப் பாய் வாங்கினேன். சத்தம் குறைந்தது, முட்டி வலி வந்தது. திரும்பும்போது உடம்பு திரும்புகிறது, பாதம் மட்டும் பாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. பள்ளம் பள்ளமாக அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணியோடு ஆடினாலும் இதே கதைதான். அப்புறம் ரெலாவில் ஒரு மரக்கடையில் நாலுக்கு நாலு அடி பிளைவுட் பலகை இரண்டு கேட்டேன். எதற்கு என்றார் கடை முதலாளியான தவுக்கே. ஆட என்றேன். ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே எடுத்துப்போய் நாலு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. கீழே நுரைப் பாய், அதன்மேல் பலகை, காலில் அடிப்பாகம் தேய்ந்துபோன பழைய கேன்வாஸ் காலணி. பாதம் வழுக்கித் திரும்புகிறது, முட்டி பேசாமல் இருக்கிறது. பலகை இரண்டும் நடுவில் பிரிந்துவிடும், அகலமான ஒட்டுநாடா போட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். ஆடி முடித்ததும் சோபாவுக்குப் பின்னால் சாத்திவிடலாம்.

வேறு சில சில்லறை விஷயங்கள். ஆசிரியை நம்மைப் பார்த்து ஆடினால் அவர் கண்ணாடிபோல மாற்றி ஆடுகிறாரா என்று பாருங்கள். அவர் வலம் என்று சொல்லித் தன் வலக்காலை எடுத்தால் நம் தலை சுற்றும். முதுகைக் காட்டி ஆடுகிறவர்கள் கற்பவருக்கு நல்லது, முகம் தெரியாவிட்டால் போகட்டும். வேகம் பிடிபடாவிட்டால் வீடியோவின் வேகத்தை 0.75 ஆக்கிக்கொள்ளலாம். பாட்டு கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கும், கால் கற்றுக்கொள்ளும். கைப்பேசித் திரையைப் பார்த்து ஆடாதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் போடுங்கள்.

தொலைக்காட்சியில் போட்டால் வீட்டார் எல்லாரும் பார்ப்பார்கள், அது இன்னொரு சங்கடம். அத்தை பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் அவருடைய கவலையெல்லாம் ஆசிரியையின் உடையைப் பற்றி: "அந்தப் பிள்ளைக்குக் குளிராதா?" மூன்றாம் வாரம் நான் தவறினால் அவரே சொன்னார்: "நீ முன்னால் போகிறாய், அவள் பின்னால் போகிறாள்." இப்போது என் மூச்சை அளக்கும் கருவியும் அவர்தான். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் மிதமான பயிற்சிக்கு அடையாளம் என்பார்கள். அத்தை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறது, தேவாரம் பாடச் சொன்னால் முடியாது. அவர் கேள்வி கேட்பதில் குறை வைப்பதில்லை.

நேரத்துக்கு வருகிறேன். முதலில் ஷிஃப்ட் முடிந்து காலை 8.30க்கு ஆடினேன், ஆடிவிட்டுப் படுத்தால் அசதியில் தூக்கம் வரும் என்ற கணக்கில். வரவில்லை. 11 மணி வரை கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்திருந்தேன். இப்போது எழுந்து, ஒரு கோப்பி குடித்து, 4.45க்கு ஆடுகிறேன். வேலை நாள் நாலிலும் 20 நிமிடம், ஓய்வு நாள் இரண்டிலும் 35 நிமிடம். கூட்டினால் 150. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை என் வாரம் ஆறு நாளில் முடித்துவிடுகிறது. என் வாரத்துக்கு ஆறு நாள்தானே. தசைக்கும் வாரம் இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. அதை இன்னும் தொடவில்லை.

நாலு மாதத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. அதுகூட நோன்பு மாதத்தில் சந்தைப் பலகாரத்தை விட்டதாலா, ஆடியதாலா என்று தெரியாது. கெண்டைக்கால் கல்லாவதில்லை, அது நிச்சயம். இன்னொன்றும் நடக்கிறது. அதிகாலை 3 மணி வாக்கில் இயந்திரம் தட்டைக் கொண்டுவரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வெள்ளைக் காலணிக்குள் என் கால்விரல்கள் 1, 2, 3 என்று அழுத்துகின்றன. நாலில் நிற்கப் பழகுகின்றன. மேற்பார்வையாளர் எதிரே நின்றாலும் தெரியாது, ஒரு துகள்கூடக் கிளம்பாது.

போன வெள்ளிக்கிழமை லிஃப்டில் மக்சிக்கைப் பார்த்தேன். கையில் மீன் பை. அவர் 3ஐ அழுத்தினார், நான் 4ஐ அழுத்தினேன். கதவு மூடியதும் என்னைப் பார்க்காமல், மேலே மாறும் எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அலமாரி எல்லாம் வைத்து முடித்துவிட்டாயா, மகளே?"

"ஒன்று மட்டும் பாக்கி, மக்சிக்."

"மெதுவாக வை," என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.